வைரப் பள்ளத்தாக்கில் இறைச்சியை வீசி வைரம் எடுத்தார்கள் என்பது உண்மையா?

பாம்புகள் நிறைந்த பள்ளத்தாக்கில் இறைச்சித் துண்டுகளை வீச, அவற்றில் ஒட்டிய வைரங்களைக் கழுகுகள் மேலே தூக்கி வந்தன என்னும் கதையை, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ ஆந்திரக் கடற்கரையின் மோட்டுப்பள்ளி நாட்டுக்கு உரியதாகக் கூறுகிறார். ஆனால் 4ஆம் நூற்றாண்டிலேயே சைப்ரஸ் ஆயர் எபிபானியஸ் வேறொரு மணிக்கல்லைப் பற்றி இத்தகைய கதையை எழுதிவிட்டார். ஆகவே இது நேரில் கண்ட செய்தியன்று, நாடு விட்டு நாடு வந்த கதை என்றே கருதுகிறேன். கிருஷ்ணா ஆற்றங்கரைக் கொல்லூரில் மக்கள் குழி தோண்டி, சரளை மண்ணை நீரில் அலசி, கையால் துழாவித்தான் வைரம் பொறுக்கினர்.

ஆயினும் ஒரு நுணுக்கம் என்னை வியக்க வைக்கிறது: வைரத்தின் மேற்பரப்பில் நீர் ஒட்டாது, கொழுப்பு ஒட்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில், கிரீஸ் தடவிய சாய்பலகைமீது சரளையை நீரோடு பாய்ச்சியபோது, மற்றக் கற்கள் வழுக்கி ஓட, வைரம் மட்டும் கிரீஸில் பதிந்து நின்றது.