டெராஹெர்ட்ஸ்ல, அதாவது ரேடியோவுக்கும் அகச்சிவப்புக்கும் நடுவுல இருக்கிற அலைகள்ல, சூரிய வெடிப்பைப் பார்க்க தரையில டெலஸ்கோப் வச்சா வேலைக்கு ஆகுமா?

ஆகும், 1999லேருந்தே ஒண்ணு ஓடிட்டு இருக்கு. அர்ஜென்டினாவுல சான் ஹுவான் மாகாணத்துல எல் லியோன்சிட்டோன்னு ஒரு மலைப்பக்கம், 2,550 மீட்டர் உயரம், அங்க இருக்கிற எஸ்எஸ்டி (சோலார் சப்மில்லிமீட்டர் டெலஸ்கோப்) தான் அது. பிரேசில்ல பியர் காஃப்மன்னு ஒருத்தர் விடாப்பிடியா நின்னு கொண்டு வந்தது, அவர் 2017ல காலமாயிட்டார். அலைகளைப் பிடிக்கிற தட்டு வெறும் 1.5 மீட்டர் அகலம். கேக்கறது 212, 405 கிகாஹெர்ட்ஸ், ஆயிரம் கிகாஹெர்ட்ஸ்தான் ஒரு டெராஹெர்ட்ஸ், அதனால இது டெராஹெர்ட்ஸோட வாசப்படி.

ஏன் அவ்ளோ தூரம் போய் வச்சாங்கன்னா, எல்லாம் காத்துல இருக்கிற ஈரம்தான். மேகமே இல்லாம பளிச்னு நீலமா தெரியற வானத்துலகூட நீராவி இருக்கும், அது இந்த அலைகளைக் குடிச்சிடும், அந்த வறண்ட மலையிலயே 405ல வர்றதுல பாதிக்கு மேல பல நாள் தட்டுக்கு வந்து சேர்றதில்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா அதுல ஆறு ரிசீவர் இருக்கு, நாலு 212க்கு, ரெண்டு 405க்கு. 212ல பக்கத்து பக்கத்துல மூணு ஒண்ணுமேல ஒண்ணு கொஞ்சம் ஏறின மாதிரி சூரியனைப் பார்க்கும், எதுல சிக்னல் எவ்ளோ கூடுதுன்னு ஒப்பிட்டே வெடிப்பு எந்த இடத்துலன்னு பிடிச்சிடுவாங்க, படமே எடுக்காம!

2003 நவம்பர் 4 வெடிப்பு ஞாபகம் இருக்கா? சூரியனைக் கண்காணிக்கிற கோஸ் சாட்டிலைட்டோட எக்ஸ்ரே மீட்டரே அளவு முட்டிப்போய் நின்னுச்சு, அப்புறம் கணக்கு போட்டு எக்ஸ்28னு சொன்னாங்க (வெடிப்புகள்ல எக்ஸ்தான் உச்ச ரகம்). அன்னிக்கு எஸ்எஸ்டி பார்த்தது யாரும் எதிர்பார்க்காதது. வழக்கமா வெடிப்போட ரேடியோ சிக்னல் பத்து சொச்சம் கிகாஹெர்ட்ஸ்ல உச்சத்துக்குப் போயிட்டு அதுக்கு மேல இறங்கிட்டே வரும். இங்க 212ஐ விட 405ல அதிகம், திரும்ப ஏறுது! ஏன்னு இன்னிக்கும் ஒத்த கருத்து கிடையாது.

அப்போ எதுவரைக்கும் ஏறுது? அதுக்குத்தான் 30 டெராஹெர்ட்ஸ் பக்கம் போனாங்க, அங்க காத்துல ஒரு ஜன்னல் திறந்திருக்கு, ராத்திரில ஆள் நடமாட்டம் பார்க்கற தெர்மல் கேமராவும் அதே ஜன்னல்லதான் வேலை செய்யும். 2012 மார்ச் 13ல ஒரு வெடிப்பு அதுல நல்லாவே தெரிஞ்சுது. ஆனா 2லேருந்து 10 டெராஹெர்ட்ஸ் வரைக்கும் தரையிலேருந்து பார்த்தா கிட்டத்தட்ட சுவருதான், அதனால 2016 ஜனவரில சோலார்-டின்னு 3, 7 டெராஹெர்ட்ஸ் கருவிய பலூன்ல கட்டி அண்டார்டிகா மேல பறக்க விட்டாங்க. அந்த ஏத்தம் எங்க போய் திரும்புதுன்னு தெரிய இன்னும் நிறைய வெடிப்பு சிக்கணும், அதுக்கு தினமும் காலைலேருந்து சாயங்காலம் வரை சூரியனையே பார்த்துட்டு உக்காந்திருக்கிற தரை டெலஸ்கோப்தான் வேணும்.