மேடை காணாத உருப்படிகள்: வாசகர் கேள்வி – பதில்

‘ஒலிப்பதிவில் மட்டுமே கேட்டு, நேரில் ஒரு முறையாவது கேட்டுவிட வேண்டும் என்று நீங்கள் ஏங்கும் கர்நாடக இசை உருப்படி (இசைப் படைப்பு) எது?’ என்று இப்பகுதியில் கேட்டிருந்தோம். மலேசியத் தலைநகரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்களில் பல, விருப்பத்தைச் சொன்னதோடு நில்லாமல், அது ஏன் நிறைவேறுவதில்லை என்றும் கேட்டிருந்தன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: முத்துசுவாமி தீட்சிதரின் ‘ஸ்ரீ விஸ்வநாதம் பஜேஹம்’ என்ற 14 ராகங்களால் ஆன ராகமாலிகையை எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவின் குரலில் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்டது. இங்கே கச்சேரி செய்ய வரும் வித்வான்கள் அதைப் பாடி நான் கேட்டதே இல்லை. அது அவ்வளவு கடினமானதா? (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

பதில்: கடினமானதுதான். ஆனால் அது மேடைக்கு வராமல் இருப்பதற்குக் கடினம் முதற்காரணமன்று. அதைப் பாடம் செய்தவர்கள் நிறையவே இருக்கிறார்கள். இன்றைய கச்சேரி முறை பெரும்பாலும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துத் தந்த வழியில் நடப்பது. அதில் ஓர் உருப்படிக்கு இடம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும், முன்னால் ஆலாபனைக்கும் (ராகத்தைச் சொல்லின்றி விரித்தல்), நடுவில் நிரவலுக்கும் (ஒரு வரியைப் பலவாறு விரித்தல்), பின்னால் கற்பனை சுரத்துக்கும் (அப்போதைக்கப்போது சுரம் கோத்துப் பாடுதல்) அது எவ்வளவு வாய்ப்பளிக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. இந்த ராகமாலிகையோ அந்த மூன்றையும் வேண்டாத அளவுக்குத் தன்னிலேயே நிறைவானது. பல்லவியில் ஸ்ரீ, ஆரபி என 2 ராகங்கள். அனுபல்லவியில் கௌரி, நாட்டை, கௌளை, மோகனம் என 4. சரணத்தில் சாமா, லலிதா, பைரவம், சாரங்கா, சங்கராபரணம், காம்போஜி, தேவக்கிரியா, பூபாளம் என 8. முடிவில் இவை அனைத்தையும் பின்னோக்கி ஒரு சுற்றுத் தொட்டு, தொடங்கிய ஸ்ரீ ராகத்துக்கே வந்து சேர வேண்டும்.

இதில் பாடகரைச் சோதிக்கும் ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். அனுபல்லவியில் வரும் கௌரியும் கௌளையும் மாயாமாளவகௌளை என்ற ஒரே மேளத்தை, அதாவது ஒரே தாய் ராகத்தை, சேர்ந்தவை. இரண்டுக்கும் நடுவே நாட்டையை வைத்திருக்கிறார் தீட்சிதர். ஆலாபனை செய்து ராகத்தை நிலைநிறுத்திக்கொள்ள அவகாசமில்லாமல், வாயைத் திறந்த முதற்பிடியிலேயே ‘இது கௌரி’ என்றும், நாட்டையைக் கடந்து வந்ததும் ‘இது கௌளை’ என்றும் கேட்பவருக்குத் தெரியும்படி பாடியாக வேண்டும். ஒரு பிடி பிசகினாலும் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும். அதன்பின் வரும் மோகனத்தில் நமக்கெல்லாம் ஓர் ஆசுவாசம் தோன்றுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

நம் ஊருக்கு மட்டும் உரிய காரணம் ஒன்றும் உண்டு. சென்னையிலிருந்து வரும் பாடகர் பல வேளைகளில் முந்தின நாள்தான் வந்து இறங்குகிறார். வயலினும் மிருதங்கமும் இங்குள்ளவர்களாக இருந்தால், சேர்ந்து ஒத்திகை பார்க்க ஒரு மாலைப்பொழுதுகூடக் கிடைப்பதில்லை. அந்த நிலையில் 14 ராகங்களை நம்பி மேடையேறுவதைவிட, எல்லோருக்கும் கைவந்த ஒரு கல்யாணியையோ காம்போஜியையோ எடுப்பதுதான் பொறுப்புள்ள முடிவு. அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏறக்குறைய கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் உருப்படிதான் இது. முன்கூட்டியே கேட்டிருந்தால் பாடியிருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

கேள்வி: கமலாம்பா நவாவரணக் கீர்த்தனைகள் முழுவதையும் நவராத்திரியில் கேட்க ஆசை. எப்போதும் ஆனந்தபைரவியும் கல்யாணியும்தான் காதில் விழுகின்றன. மற்றவை எங்கே போயின? (பினாங்கு, ஆயர் ஈத்தாம் வாசகி)

பதில்: நல்ல கேள்வி, அம்மா. தோடியில் அமைந்த தியானக் கீர்த்தனை, 9 ஆவரணங்களுக்கு (ஸ்ரீ சக்கரத்தின் சுற்றுகள்) 9 கீர்த்தனைகள், ஸ்ரீ ராகத்தில் மங்களம் என மொத்தம் 11 உருப்படிகள். திருவாரூர் கமலாம்பிகையைப் பற்றி முத்துசுவாமி தீட்சிதர் இயற்றிய இந்தத் தொகுதியில் ஆனந்தபைரவி, கல்யாணி, சங்கராபரணம், காம்போஜி, பைரவி ஆகிய முதல் ஐந்தும் கச்சேரிக்குப் பழகிய ராகங்கள். அவற்றிலும் காம்போஜிக் கீர்த்தனை கண்ட ஜாதி அட தாளத்திலும் பைரவிக் கீர்த்தனை மிச்ர ஜாதி ஜம்பை தாளத்திலும், அதாவது ஆதியைப் போல் எளிதல்லாத தாளங்களில், இருப்பதால் அவையே அடிக்கடி வருவதில்லை. ஆறாவதிலிருந்து புன்னாகவராளி, சகானா, கண்டா, ஆகிரி என்று போகிறது. கண்டாவும் ஆகிரியும் சுரங்களை மட்டும் கற்றுக்கொண்டு பாடிவிடக்கூடிய ராகங்களல்ல. குருவின் வாயிலிருந்து கேட்டு, அந்த நெளிவுகள் தொண்டையில் படிந்த பிறகே பிடிபடுபவை. அவற்றை விளம்ப காலத்தில், சலிப்புத் தட்டாமல் இழுத்துப் பாட மூச்சும் வேண்டும், பொறுமையும் வேண்டும். ஆகிரியில் வரும் ‘ஸ்ரீ கமலாம்பா ஜயதி’ சமஸ்கிருத இலக்கணத்தின் எட்டு வேற்றுமைகளையும் ஒரே கீர்த்தனைக்குள் அடக்கியது. முந்தைய எட்டையும் கேட்ட பின்பு அதைக் கேட்பதே முறை. தனியே கேட்டால் அதன் கனம் பாதிதான் விளங்கும்.

மரபுப்படி ஓர் இரவுக்கு ஓர் ஆவரணம் என்று பாடுவார்கள். நம் கோயில்களில் ஒன்பது இரவும் கொலு உண்டு, அர்ச்சனை உண்டு, ஏதாவதொரு கலை நிகழ்ச்சியும் உண்டு. அந்த நிகழ்ச்சியின் தொடக்கத்தில் அன்றைய ஆவரணக் கீர்த்தனையை மட்டும், உள்ளூர் ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களோடு பாட ஏற்பாடு செய்தால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்; வெளியூர் வித்வான் தேவையில்லை. சுரக்குறிப்புக்கும் குறைவில்லை. 1904இல் சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் இருக்கிறது; தெலுங்கு எழுத்தில் வந்த அந்த நூல் பிறகு தமிழிலும் வந்துவிட்டது.

கேள்வி: மகா வைத்தியநாத ஐயரின் 72 மேளராகமாலிகையை முழுதாக நேரில் கேட்கும் காலம் வருமா? (கிள்ளான் வாசகர்)

பதில்: முழுதாக என்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அதற்கே வேண்டும். திருவையாற்று இறைவனைப் பாடும் ‘ப்ரணதார்த்திஹர’ என்ற இந்த மாலிகையில் ஒவ்வொரு ராகத்தின் பெயரும் சாகித்தியத்திலேயே (பாடல் வரிகளிலேயே) பொதிந்திருக்கிறது. ஒவ்வொரு ராகத்தின் சிட்டைசுரமும் (முன்பே அமைத்து வைத்த சுரக்கோவை) அடுத்த ராகத்துக்கு நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. முதல் 36 சுத்த மத்யம மேளங்கள், பின் 36 பிரதி மத்யம மேளங்கள் என்று இரண்டாகப் பிரித்து இரண்டு மாலைகளில் பாடலாம் என்பது என் எண்ணம். 6 ராகங்கள் கொண்ட ஒரு சக்கரத்தை மட்டும் கச்சேரியின் பிற்பகுதியில் கேட்டுப் பெறுவது அதைவிட எளிது.

கேள்வி: ‘அபூர்வ உருப்படி’ என்றால் எல்லோரும் சமஸ்கிருதத்தையும் தெலுங்கையும்தான் சொல்கிறார்கள். தமிழில் ஒன்றும் இல்லையா? (செந்தூல் கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். கோடீஸ்வர ஐயர் (1870–1938) என்ற பெரியவர் 72 மேளகர்த்தா ராகங்களிலும் தமிழில் கீர்த்தனைகள் இயற்றினார். ‘கந்த கானாமுதம்’ என்பது அந்தத் தொகுதியின் பெயர். பாட்டுடைத் தலைவன் முருகன். பத்துமலையையும் தண்ணீர்மலையையும் வைத்துக்கொண்டு, தைப்பூசத்துக்கு இலட்சக்கணக்கில் கூடும் ஒரு நாட்டில், முருகனுக்கென்றே செய்யப்பட்ட 72 கீர்த்தனைகளில் பத்தைக்கூட நாம் நேரில் கேட்டதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இவை மேடைக்கு வராமைக்குப் பழைய அச்சம் ஒன்றும் காரணம். 72 மேளங்களில் 40 விவாதி மேளங்கள். அடுத்தடுத்த இரண்டு சுரங்கள் மிக நெருங்கி நிற்பதால் அவற்றைப் பாடுவது தோஷம் என்று ஒதுக்கிய காலம் உண்டு. கோடீஸ்வர ஐயர் அந்த அச்சத்தைப் பொருட்படுத்தவில்லை. 72ஆவது மேளமான ரசிகப்பிரியாவில் அமைந்த ‘அருள் செய்ய வேண்டும்’ என்ற கீர்த்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஷட்சுருதி ரிஷபமும் அந்தர காந்தாரமும் ஒட்டி நிற்கின்றன. பிரதி மத்யமமும் பஞ்சமமும் அவ்வாறே. ஷட்சுருதி தைவதமும் காகலி நிஷாதமும் அவ்வாறே. ஏறும்போது ஒவ்வோர் இணையிலும் குரல் ஒரு கணம் உரசி மேலே தாவுகிறது. சுருதி சுத்தமாக இருந்தால் அந்த உரசலே அழகு. சற்று விலகினாலும் காதைக் குத்தும். 68ஆவது மேளமான ஜோதிஸ்வரூபிணியில் வரும் ‘கானாமுத பானம்’ ஓரளவு மேடைகளில் ஒலிப்பதுண்டு. அதிலிருந்து தொடங்குங்கள். இந்த 72 கீர்த்தனைகளையும் பாடிப் பரப்பிய எஸ். ராஜம் (1919–2010) அவர்களின் ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேளுங்கள்; விவாதி ராகங்களை அவ்வளவு இயல்பாகக் கையாண்டவர்கள் மிகச் சிலரே.

முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகிய தமிழ் மூவரின் பதங்களும் கீர்த்தனைகளும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு ஆதி மெட்டு மறைந்து, பிற்காலத்தவர் இசையமைத்த வடிவமே நமக்குக் கிடைக்கிறது. அதைத் தனியாகவே எழுத வேண்டும்.

கேள்வி: சியாமா சாஸ்திரியின் மூன்று சுரஜதிகளையும் ஒரே கச்சேரியில் கேட்க முடியுமா? (ஈப்போ வாசகி)

பதில்: முடியும்; ஆனால் வேண்டாம் என்பேன். சுரங்களுக்கே சாகித்தியம் அமைந்த இந்தச் சுரஜதிகளில் பைரவி, தோடி, யதுகுலகாம்போஜி மூன்றும் தனித்தனியே மனத்தில் தங்க வேண்டியவை. பைரவியில் சரணங்கள் ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம் என்று ஒவ்வொரு சுரமாக ஏறி, மேல் ஷட்ஜத்தில் தொடங்கும் சரணத்தில் உச்சத்தை அடைகின்றன. அதைக் கேட்ட உடனேயே இன்னொரு சுரஜதியைக் கேட்க மனம் இடம் தராது. அரிதாகிவரும் யதுகுலகாம்போஜியை மட்டும் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: கோயில் திருவிழாவில் நாகசுரம் இப்போதும் ஒலிக்கிறது. ஆனால் என் தாத்தா சொன்ன ரக்தி மேளத்தை நான் கேட்டதில்லை. (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: ரக்தி நாகசுரத்துக்கே உரியது, சாகித்தியம் கிடையாது, ராகமும் தவிலின் தாளக்கட்டும் சேர்ந்து காலம் காலமாக விரிவது. அதை வாசிக்க நேரம் வேண்டும், சுவாமி புறப்பாடு மெதுவாக நகர வேண்டும், கேட்கும் கூட்டம் கூடவே நடக்க வேண்டும். சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரியாவது கம்பீர நாட்டையில் இன்னும் ஒலிக்கிறது; ஆனால் புறப்பாட்டுக்கு ஒன்று, தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று என்று இருந்த வேறுபாட்டைக் கேட்டுப் பெறுவோர் குறைந்துவிட்டனர். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் மேளக்கலைஞர்களில் இந்தப் பாடம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். திருவிழாவின் ஓர் இரவில் ஒலிபெருக்கிப் பாடல்களை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரத்தை அவர்களுக்கே கொடுத்துப் பார்க்குமாறு உங்கள் கோயில் நிர்வாகத்திடம் கேளுங்கள்.

கேள்வி: சிம்மநந்தன தாளத்தில் ஒரு கீர்த்தனை உண்டாமே? (கோலாலம்பூர், செத்தாப்பாக் வாசகர்)

பதில்: உண்டு. கானடாவில் ‘கௌரீ நாயக’; மகா வைத்தியநாத ஐயர் இயற்றியது. ஓர் ஆவர்த்தனத்துக்கு 128 அட்சரங்கள், அதாவது ஆதி தாளத்தின் 16 ஆவர்த்தனங்கள். கடைசியில் வரும் காகபாதம் என்ற தாள உறுப்புக்கு மட்டுமே 16 அட்சரங்கள்.

கேள்வி: இவற்றையெல்லாம் ஒரு வித்வானிடம் எப்படிக் கேட்பது? கச்சேரி நடுவே சீட்டு அனுப்பினால் போதுமா? (பெட்டாலிங் ஜெயா வாசகி)

பதில்: சீட்டு வேண்டாம், அம்மா. பாடம் செய்து பல ஆண்டுகள் ஆன உருப்படியை மேடையில் அமர்ந்த நிலையில் கேட்பது பாடகருக்குச் சங்கடத்தைத்தான் தரும். கச்சேரி உறுதியானதும், குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே, சபை நிர்வாகத்தின் வழியாகக் கடிதம் எழுதுங்கள். ஐந்தாறு பெயர்களை அடுக்காமல் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். எந்த உருப்படி, எந்த ராகம், ஏன் கேட்கிறீர்கள் என்று இரண்டு வரி எழுதினால் போதும். அதற்காக ஒரு ராகம் தானம் பல்லவியை விட்டுக்கொடுக்கவும் சம்மதம் என்று சொல்லிவிடுங்கள்; நேரத்தைப் பற்றிய கவலை பாடகருக்குக் குறையும். அழைப்பிதழிலேயே உருப்படியின் பெயரையும் தமிழில் அதன் பொருளையும் அச்சிட்டால், அதற்கென்றே வருபவர்கள் வருவார்கள். வயலினும் மிருதங்கமும் இங்குள்ளவர்கள் என்றால், பாடகர் பாடும் பாடாந்தரத்தின் (அவர் குருவழிக் கற்ற பாட வடிவம்) ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கி, அவர்கள் கைக்கும் ஒரு மாதத்துக்கு முன்பே சேர்த்துவிடுங்கள்.