வாசலில் நிற்கும் லொறி

கேள்வி: அன்புள்ள அக்கா, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் பதினொரு வருடமாக இருக்கிறோம். கணவர் கத்தாரில். வீட்டில் நானும் மகளும் மாமியும்தான். பக்கத்து வீட்டு முதலாளி சிங்களவர். புறக்கோட்டையில் சாமான் ஏற்றி வெளியூருக்கு அனுப்புகிறார். முன்பு லொறியை ஒழுங்கை முனையில் இருந்த வெறுங்காணியில் விடுவார். இப்போது அங்கே தொடர்மாடி கட்டுகிறார்கள். ஆறு மாதமாக லொறி எங்கள் கேற்றை மறித்துக்கொண்டு நிற்கிறது. இரவு ஏழு மணிக்கு வந்தால் விடிய நாலு மணிக்குத்தான் எடுப்பார்கள். போயா நாளில், அதுதான் பௌர்ணமி விடுமுறையில், பகலெல்லாம் நிற்கும். போன மாதம் ஒரு இரவு மாமிக்கு மூச்சு முட்டியது. 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தோம். அம்புலன்ஸ் வாசல்வரை வர முடியவில்லை. லொறிக்கும் மதிலுக்கும் நடுவே ஸ்ட்ரெச்சரைச் சரித்துத்தான் கொண்டுபோனார்கள். டிரைவர் சாவியோடு வத்தளைக்குப் போயிருந்தார். முதலாளி பிறகு வந்து வருத்தப்பட்டார். ஆனால் மறுநாளும் லொறி அதே இடத்தில். பொலிசுக்குப் போனால் தமிழர், சிங்களவர் என்று வேறு கதையாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என் சிங்களமும் அரைகுறை. என்ன செய்வது?

— வெள்ளவத்தை வாசகி

பதில்: அன்புள்ள தங்கச்சி, மாமி வீடு திரும்பிவிட்டார் என்று கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஸ்ட்ரெச்சரைச் சரித்துக் கொண்டுபோன அந்தச் சில நிமிடங்கள் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு பதைக்கிறது. இனி ஒரு தரம் அப்படி நடக்கவே கூடாது.

முதலில் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு முன்னால் இருக்கிற தெரு நம்முடையது இல்லை. மதிலோரம் ஒரு வாகனம் நிற்பதாலேயே அது நம் இடத்தைப் பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் கேற் வாய் வேறு. வீட்டுக்குள் போகவும் வெளியே வரவும் உள்ள வழியை மறித்து வாகனம் விட எவருக்கும் உரிமை கிடையாது. அதனால் "லொறியை இங்கே விடாதீங்க" என்று கேட்கப் போகாதீர்கள். அப்படிக் கேட்டால் "ரோட்டு உங்கட அப்பன்ட சொத்தா" என்ற இடத்தில் பேச்சு முறிந்துவிடும். "எங்கட கேற்றை விட்டுத் தாங்க, அம்புலன்ஸ் வர வழி விடுங்க" என்று கேளுங்கள். இதற்கு மறுப்புச் சொல்வது லேசில்லை.

போவதற்கு முன் ஓர் அளவு நாடாவை எடுத்து ஒழுங்கையை அளந்துவிடுங்கள். அந்தப் பக்கத்து ஒழுங்கைகள் பல இருபது அடிக்குக் கிட்டத்தட்ட இருக்கும். நடுத்தர லொறி ஒன்று ஏழு அடி அகலம். எதிர் மதிலோடு ஒரு கார் நின்றால் அது ஆறடி. மிஞ்சுவது ஏழடி. அம்புலன்ஸ் கண்ணாடியை மடக்கிக்கொண்டு தட்டுத்தடுமாறி வந்தாலும் வரலாம். தீயணைப்பு வண்டி எட்டடிக்குக் குறையாது, அது வரவே முடியாது. பக்கத்தில் தொடர்மாடி எழும்புகிறது, எத்தனை குடும்பங்கள் வரப்போகின்றன என்று யோசியுங்கள். இந்தக் கணக்கை முதலாளியிடம் சொல்லுங்கள். அவர் வீட்டிலும் தீப்பிடிக்கலாம், அவருடைய அம்மாவுக்கும் நெஞ்சு வலிக்கலாம். ஒழுங்கை எல்லோருக்கும் ஒன்றுதான்.

அவருடைய சங்கடத்தையும் ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். வெறுங்காணி போய்விட்டது. லொறி லீசிங்கில் ஓடுகிறதென்றால் ஒரு நாள் ஓடாவிட்டாலும் தவணை நிற்காது. கண் மறைவான இடத்தில் விட்டால் பற்றரியைக் கழற்றிக்கொண்டு போவார்கள், டீசலை உறிஞ்சுவார்கள். அதனால்தான் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் விடுகிறார். உங்களைப் படுத்த வேண்டும் என்பதற்காக அவர் இதைச் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. பிறகு தானே வந்து வருத்தப்பட்ட மனிதர் அவர்.

என்ன கேட்பது? அந்த இரவில் உங்களைக் கைவிட்டது லொறியைவிட, வத்தளைக்குப் போன சாவிதான். அதனால் முதல் கேள்வி சாவி. மாற்றுச் சாவி ஒன்று முதலாளி வீட்டிலேயே இருக்க வேண்டும், அதை வைத்து லொறியை நகர்த்தத் தெரிந்த ஒருவரும் இரவில் அங்கே இருக்க வேண்டும். டிரைவரின் போன் நம்பரையும் வாங்கி வையுங்கள். இரண்டாவது, லொறியைப் பத்தடி முன்னால் தள்ளி, வால்பகுதி உங்கள் கேற்றைத் தாண்டி நிற்கும்படி விடுவது. எதிர்ப் பக்கத்துக் கார்க்காரரும் இரவில் தன் காரை உள்ளே எடுத்தால் பாதி வேலை முடிந்தது, அவரிடமும் தனியாகப் பேசுங்கள். போயா நாளில் பகல் முழுக்க நிற்பதற்கு வேறு இடம் பார்க்கச் சொல்லலாம். அவருக்குச் சாமான் கொடுக்கும் கடைக்காரர் யாருடையதாவது களஞ்சிய முற்றம் அன்றைக்குச் சும்மா கிடக்கும்.

விடிய நாலு மணிக்கு எஞ்சின் உறுமுவதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் அது மாமியின் அறைக்குள் புகை அடிக்காமல் இருக்காது என்று நினைக்கிறேன். பெரிய லொறிகளில் பிரேக் காற்றில் வேலை செய்யும். டாங்கியில் காற்று ஏறும்வரை சில நிமிடம் எஞ்சின் ஓடத்தான் வேண்டும், அதை நிறுத்தச் சொல்ல முடியாது. புகைக்குழாய் ஜன்னல் பக்கம் வராதபடி விடச் சொல்லலாம்.

மொழியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். புறக்கோட்டையில் வியாபாரம் செய்கிற முதலாளிமாரில் தமிழ் கொஞ்சமாவது தெரியாதவர் குறைவு. உங்கள் அரைகுறைச் சிங்களமும் அவருடைய அரைகுறைத் தமிழும் போதும். மகளை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பேச்சு சூடேறினால் அந்த வார்த்தைகளைச் சொல்ல வேண்டியவள் அந்தப் பிள்ளையாகிவிடும். நாலைந்து பேர் சேர்ந்தும் போக வேண்டாம், கும்பலாக வந்தார்கள் என்று ஆகிவிடும். இரவில், லொறி வந்து நிற்கிற நேரத்தில், களைப்பும் கோபமுமாகப் பேசவே வேண்டாம்.

இன்னொன்றையும் செய்யாதீர்கள். கேற்றுக்கு முன்னால் கல், பூச்சாடி, சீமெந்து நிரப்பிய தகரம் எதுவும் வைக்காதீர்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கொட்டாஞ்சேனையில் எங்கள் வாசலில் ஒரு வான் நிற்கும். அப்பா பொறுக்க முடியாமல் இரண்டு தகரங்களில் சீமெந்து நிரப்பித் தெருவில் வைத்தார். மூன்றாம் நாள் இரவு மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பையன் அதில் மோதிக் கையை முறித்துக்கொண்டான். பொலிஸ் வந்தபோது நியாயம் முழுக்க எங்கள் பக்கத்திலிருந்து நழுவிப் போயிருந்தது. அந்தப் பையனின் தாய் எங்கள் படியில் உட்கார்ந்து அழுதது இன்றைக்கும் எனக்குக் காதில் கேட்கிறது. டயரில் காற்றைத் திறந்துவிடுவதும் அப்படித்தான். அப்புறம் லொறி நகரவும் முடியாமல் நிற்கும்.

பேசியும் இரண்டு கிழமைக்குள் ஒன்றும் மாறவில்லையா? அப்போது தயங்காமல் அடுத்த படிக்குப் போங்கள். அதற்கு முன் உங்கள் வீட்டு உறுதிப் பத்திரத்தையும் பிளானையும் எடுத்து, ஒழுங்கை மாநகர சபையுடையதா, தனியார் பாதையா என்று பாருங்கள். மாநகர சபைத் தெரு என்றால் போக்குவரத்துப் பொலிஸ் வந்து எடுக்கச் சொல்லலாம். தனியார் பாதை என்றால் பாதை உரிமை பற்றிய பிணக்காகிவிடும், அதில் பொலிசால் செய்யக்கூடியது குறைவு.

பொலிஸ் நிலையத்தில் சிறு முறைப்பாட்டுப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இப்படியான அயலவர் பிணக்குகளுக்கு அங்கேதான் போக வேண்டும். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி, தமிழில் முறைப்பாடு கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். லொறி கேற்றை மறித்து நிற்கும் படம், தேதி, நேரம், அம்புலன்ஸ் வந்த இரவின் விபரம் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். இனப் பிரச்சினையாகிவிடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. கொழும்பில் வாழ்ந்த தமிழருக்கு அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. ஆனால் முறைப்பாட்டில் நீங்கள் சொல்லப் போவது ஒரு கேற்றையும், ஒரு நோயாளியையும், ஒரு சாவியையும் பற்றித்தான். அதை விட்டு ஒரு சொல்கூட வெளியே போகாதீர்கள். யாராவது வேறு பக்கம் இழுத்தாலும் கேற்றுக்கே திரும்பி வாருங்கள்.

நான் பொலிசைவிட மத்தியஸ்த சபையைத்தான் விரும்புவேன். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தவை இந்தச் சபைகள். சட்டத்தரணி வைத்துப் பேச அங்கே இடமில்லை. மூன்று மத்தியஸ்தர்கள் இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துக் கேட்பார்கள். இணக்கம் வந்தால் அதை எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அதற்குப் பிறகும் அதே முதலாளிக்குப் பக்கத்து வீட்டில்தான் நீங்கள் இருக்கப் போகிறீர்கள். வென்றவர் தோற்றவர் இல்லாமல் எழுந்து வருவது உங்களுக்குத்தான் நல்லது.

ஒன்று மட்டும் இவற்றுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. மாமிக்கு இன்னொரு இரவு முடியாமல் போனால், 1990க்குச் சொல்லும்போதே லொறி நிற்பதையும் சொல்லுங்கள். மகளை ஒழுங்கை முனைக்கு அனுப்பாமல், முதலாளி வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லுங்கள். அவரே வந்து தள்ளட்டும், தூக்கட்டும்.

வருகிற ஞாயிறு காலை, அவர் தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம் பார்த்துப் போங்கள். மாமியின் கிளினிக் கொப்பியையும் கையோடு எடுத்துப் போங்கள்.