ஆர்-22 கேஸ் ‘ஃபேஸ் அவுட்’ ஆகிவிட்டது என்றால் பழைய ஏசியை மாற்றியே ஆகவேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் 2013-ல் வாங்கிய ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி இருக்கிறது. இந்தக் கோடையில் குளிர்ச்சி குறைந்துவிட்டது. வந்து பார்த்த மெக்கானிக், “இது ஆர்-22 சார், ஃபேஸ் அவுட் ஆகிடுச்சு, இனிமே கிடைக்காது. வேற கேஸ் போட்டுத் தரேன், இல்லேன்னா புது ஏசி வாங்கிடுங்க” என்கிறார். ஃபேஸ் அவுட் என்றால் தடையா? இந்த ஏசியை வைத்திருப்பதே சட்டப்படி தவறா?

பதில்: தவறில்லை. உங்கள் ஏசியைத் தாராளமாக ஓட்டலாம், பழுது பார்க்கலாம், அதே ஆர்-22 கேஸையே மறுபடி நிரப்பவும் செய்யலாம். ஆனால் “வேற கேஸ் போட்டுத் தரேன்” என்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஃபேஸ் அவுட் என்பது ஒரே நாளில் விழும் பூட்டு அல்ல. ஒரு பொருளின் உற்பத்தியையும் பயன்பாட்டையும் முன்கூட்டியே அறிவித்த தேதிகளில், படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போய் நிறுத்துவது. எந்தத் தேதி யாருக்குப் பொருந்தும் என்று பார்ப்பதுதான் முக்கியம். தொழிற்சாலைக்கு ஒரு தேதி, இறக்குமதியாளருக்கு ஒரு தேதி, சர்வீஸுக்கு இன்னொரு தேதி என்று தனித்தனியாக இருக்கும். உங்கள் மெக்கானிக் தொழிற்சாலைக்கான தேதியை உங்கள் வீட்டு ஏசிக்குப் பொருத்திப் பேசுகிறார்.

ஆர்-22-ல் குளோரின் இருக்கிறது. கேஸ் காற்றில் கசிந்து மேலே போனால் அந்தக் குளோரின் ஓசோன் படலத்தைச் சிதைக்கும். இப்படிப்பட்ட வாயுக்களைக் கட்டுப்படுத்த 1987-ல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன; இந்தியா 1992-ல் சேர்ந்தது. அந்த ஒப்பந்தப்படி ஆர்-22 அடங்கிய எச்சிஎஃப்சி வகை வாயுக்களை, 2009, 2010 ஆண்டுகளின் சராசரி அளவிலிருந்து வளரும் நாடுகள் 2015-ல் 10 சதவீதம், 2020-ல் 35 சதவீதம், 2025-ல் 67.5 சதவீதம் குறைக்க வேண்டும். 2030-ல் கிட்டத்தட்ட முழு நிறுத்தம். அப்போதும்கூட, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கருவிகளைப் பராமரிப்பதற்கென்று 2040 வரை அந்தப் பழைய சராசரி அளவில் ஆண்டுக்குச் சராசரியாக 2.5 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். உங்களைப் போன்றவர்களை நினைத்துத்தான் அந்தச் சிறு பங்கு.

இந்தியாவில் புதிய கருவிகள் தயாரிக்க இந்த வாயுக்களைப் பயன்படுத்துவது 2024 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. மெக்கானிக் காதில் விழுந்த செய்தி அநேகமாக இதுதான். சர்வீஸுக்கான கேஸ் இன்னும் சந்தையில் இருக்கிறது. வரத்து குறையக் குறைய விலை ஏறலாம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வேறு கேஸ் ஏன் கூடாது? ஆர்-22-க்குப் பிறகு வந்த ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டும் ஆர்-22-ஐவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் வேலை செய்பவை. உங்கள் கம்ப்ரஸரும் காயிலும் அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆர்-22 கம்ப்ரஸர்களில் இருக்கும் மினரல் ஆயில் இந்தக் கேஸ்களோடு கலக்காது. கேஸோடு வெளியே போகும் ஆயில் திரும்பி வராமல் கம்ப்ரஸர் காய்ந்து ஜாம் ஆகிவிடும். ஆர்-407சி என்று ஒன்று இருக்கிறது, அதற்கு மாற்ற முடியும். ஆனால் ஆயிலை முழுவதும் மாற்ற வேண்டும், குளிர்ச்சியும் கொஞ்சம் குறையலாம். இவ்வளவு பழைய ஏசிக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பது என் கருத்து.

இதைவிட ஆபத்தானது புரொப்பேன், அதாவது ஆர்-290 வகைக் கேஸை நிரப்புவது. இது சமையல் கேஸைப் போலவே தீப்பிடிக்கும். ஆர்-290-க்கென்றே வடிவமைத்த ஏசிகளில் கேஸ் அளவு குறைவாகவும், பொறி பறக்கக்கூடிய பாகங்கள் பாதுகாப்பாகவும் இருக்கும். உங்களுடையதில் அந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. அமெரிக்காவில் ‘22ஏ’ என்ற பெயரில் இப்படிப்பட்ட கேஸை ஆர்-22 ஏசிகளில் நிரப்பி ஆட்கள் காயமடைந்ததால், அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2013-ல் வெளிப்படையாகவே எச்சரித்தது. “சேம் கேஸ்தான், விலை கம்மி” என்று யாராவது சொன்னால் சிலிண்டர் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெயரே இல்லாத சிலிண்டரா? திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்போது உங்கள் ஏசிக்கு வருவோம். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது. முதலில் ஃபில்டரையும் அவுட்டோர் காயிலையும் சுத்தம் செய்து பார்க்கச் சொல்லுங்கள், பல நேரம் குறை அங்கேயே இருக்கும். கேஸ்தான் குறைவு என்று உறுதியானால், நைட்ரஜன் அடைத்து சோப்புத் தண்ணீரால் லீக் இருக்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அதை அடைத்து, வேக்குவம் பம்ப் போட்டுக் குழாயில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, அப்புறம்தான் கேஸ். எவ்வளவு கேஸ் என்பது அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் பெயர்ப் பலகையிலேயே இருக்கும். எடைபோட்டு ஏற்றச் சொல்லுங்கள். லீக்கைப் பார்க்காமல் வருடா வருடம் டாப்-அப் செய்வது உங்கள் பணத்துக்கும் நஷ்டம், ஓசோனுக்கும் கேடு.

லீக், குழாயை யூனிட்டோடு இணைக்கும் ஃப்ளேர் நட்டிலோ ஜாயின்ட்டிலோ இருந்தால் சரிசெய்துவிட்டு நிம்மதியாக ஓட்டுங்கள். காயிலே அரித்து ஓட்டை விழுந்திருந்தாலோ கம்ப்ரஸர் திணறினாலோ, இந்த வயது ஏசியில் மேலும் பணம் போட வேண்டாம், மாற்றிவிடுங்கள். உங்கள் வீட்டில் தினமும் எட்டு, பத்து மணி நேரம் ஏசி ஓடுகிறது என்றால், பழுது சிறிதாக இருந்தாலும் புதிய ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசியின் மின்செலவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

புதிதாக வாங்கும்போது ஆர்-32-ம் ஒருநாள் போய்விடுமே என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. ஆர்-32 ஓசோனைத் தொடாது, ஆனால் புவியைச் சூடாக்கும். அதே மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் போட்ட திருத்தத்தின்படி இந்தியா இவ்வகை வாயுக்களை 2032-லிருந்து குறைக்கத் தொடங்கி, 2047-ல் 85 சதவீதக் குறைப்பை எட்ட வேண்டும். இது நிறுத்தம் அல்ல, ‘ஃபேஸ் டவுன்’, அதாவது குறைப்பு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டின் கடைசி நேரத்தில் நிலக்கரி விஷயத்தில் இந்தியா வாதாடியதும் இதே சொல் மாற்றத்துக்குத்தான். இன்று வாங்கும் ஆர்-32 ஏசி அதன் ஆயுள் முழுவதும் கேஸ் கிடைத்தே ஓடும்.

பழையதைக் கழித்துப்போட முடிவெடுத்தால், கேஸைக் காற்றில் திறந்துவிட விடாதீர்கள். ரெக்கவரி மெஷின் வைத்திருக்கும் சர்வீஸ் ஆளிடம் கொடுத்தால் சிலிண்டரில் இழுத்துவிடுவார். அந்த ஆர்-22-ஐச் சுத்தப்படுத்தி இன்னொரு வீட்டு ஏசிக்குப் பயன்படுத்தலாம். மீதி யூனிட்டை மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடமோ, எக்ஸ்சேஞ்சில் எடுக்கும் கடையிடமோ ஒப்படையுங்கள்.