புழல் ஏரி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

புழல் ஏரியை வெட்டியது வெள்ளைக்காரர்களா?

இல்லை. அது ஏற்கெனவே இருந்த பாசன ஏரி. பழைய தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில், அதாவது நாட்டுப் பிரிவுகளில், புழலும் ஒன்று என்பதை மறந்துவிடக் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் அதைப் பெரிதாக்கிச் சென்னையின் குடிநீருக்குத் திருப்பினார்கள்.

அதற்கு முன்பு?

கிணறும் குளமும்தான். 1772இல் வந்த ஏழு கிணறு திட்டம் முக்கியமாகப் புனித ஜார்ஜ் கோட்டைக்காக.

இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது?

கொசஸ்தலை ஆற்றிலிருந்து. 1866இல் ஃப்ரேசர் என்ற பொறியாளர் சொன்ன யோசனை. தாமரைப்பாக்கத்தில் ஆற்றை மறித்து அணைக்கட்டு கட்டி, தண்ணீரைச் சோழவரம் ஏரிக்குத் திருப்பி, அங்கிருந்து புழலுக்குக் கொண்டுவந்தார்கள். ஏரியின் கிழக்குப் பக்கம் மதகு. அதிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் திறந்த மண் கால்வாய் கீழ்ப்பாக்கம் வரை. அங்கே கல்கட்டுத் தொட்டியில் விழும் தண்ணீர் வார்ப்பிரும்புக் குழாய்களில் ஊருக்குள் போகும். 1872 மே 13 அன்று விநியோகம் தொடங்கியது. வழி நெடுக ஒரு பம்பு கூடக் கிடையாது, எல்லாம் நிலத்தின் சரிவை நம்பித்தான். இந்தத் தட்டையான ஊரில் அந்த மட்டத்தைக் கணக்கிட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

அப்படியானால் 1914இல் ஏன் மறுபடி புதிய வேலை?

கால்வாய்தான் பலவீனம். மூடாத மண் கால்வாயில் தண்ணீர் கசியும், ஆடு மாடு இறங்கும், மழையில் சேறு கரையும். அந்தத் தண்ணீர் வடிகட்டாமலே வீட்டுக்குப் போனது. சரிவை மட்டும் நம்பியதால், எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் அழுத்தமும் விழுந்துவிடும். மேட்லி என்ற பொறியாளர் கால்வாய்க்குப் பதிலாக மூடிய கல்கட்டு வாய்க்காலும், கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும், பம்புகளும் அமைத்தார். இந்த வடிகட்டியில் மணல் அழுக்கைத் தடுப்பது பாதி வேலைதான். மேலே படியும் மெல்லிய உயிர்ப்படலம்தான் கிருமிகளைத் தின்கிறது. அதனால்தான் தண்ணீரை மெதுவாக இறக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஊரின் உடல்நலத்துக்கு ஏரியை விட இந்த வேலைதான் பெரிது. தி.நகர் மேட்லி சாலை அவர் பெயரில் இருப்பதுதான்.

ஏரி ஆழமானதா?

இல்லை. இப்போதைய முழு நீர்மட்ட உயரம் 21 அடி சொச்சம், கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. ஆழம் குறைந்து பரப்பு அகன்றிருப்பதால் கோடையில் நிறைய ஆவியாகிவிடும். பூண்டி நீர்த்தேக்கம் 1944இல்தான் வந்தது. அதுவரை மழை பொய்த்த ஆண்டுகளில் சோழவரமும் புழலும் வைத்திருந்த தண்ணீரைக் கொண்டுதான் சென்னை சமாளிக்க வேண்டியிருந்தது.