டர்பனிலிருந்து ஹாங்காங்குக்கு முதல் பயணம்: புரட்டாசியில் அம்மாவோடு 3 நாள் போதுமா?

3 நாள் போதும், டிஸ்னிலேண்டை விட்டுவிட்டால். அதற்கே ஒரு பகல் போய்விடும்.

கவுலூன் பக்கம், சிம் ஷா சூயியில் தங்குங்கள். துறைமுகத்தின் அழகு அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும். விமான நிலையத்திலேயே ஆக்டோபஸ் கார்டு வாங்கிவிடுங்கள். ரயில், பஸ், டிராம், ஸ்டார் ஃபெர்ரி எல்லாவற்றுக்கும் அது போதும். சாயங்காலம் ஃபெர்ரியில் எதிர்க்கரையில் இருக்கும் சென்ட்ரலுக்குப் போய் இருட்டியதும் திரும்புங்கள். காசு கொட்டிப் போகும் படகுச் சவாரியைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். விக்டோரியா பீக் மலைக்கு ஏறும் டிராமில் கூட்டம் அதிகமென்றால், சென்ட்ரலிலிருந்து 15ஆம் எண் பஸ் மேலே போகும்.

சாப்பாடுதான் நீங்கள் யோசிக்க வேண்டியது. நம் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் புரட்டாசி என்றால் கடைக்காரருக்கே தெரியும். ஹாங்காங்கில் 'வெஜிடபிள்' என்று கேட்டால் கீரைமேல் சிப்பி சாஸ் ஊற்றி வரலாம், சூப்பில் பன்றி எலும்புச் சாறு இருக்கலாம். பௌத்த சைவ உணவகங்களைத் தேடிப் போங்கள். டைமண்ட் ஹில்லில் 'நான் லியான்' (Nan Lian) என்ற தோட்டத்துக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. பக்கத்துச் சி லின் மடத்தையும் பார்த்துவிடலாம். சப்பாத்தி, பருப்புக்கு நேதன் ரோட்டுச் சுங்கிங் மேன்ஷன்ஸ். வாசலில் ஆள் பிடிப்பார்கள், கண்டுகொள்ளாமல் நடங்கள்.

புரட்டாசியில் புயல் காலம் முழுதாக முடிந்திருக்காது. 8ஆம் எண் எச்சரிக்கை ஏற்றினால் ஃபெர்ரி, பஸ் எல்லாம் நின்றுவிடும். அதனால் பீக்கைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள்.

அப்புறம், நம் தென்னாப்பிரிக்காவின் பெரிய உருண்டை முள் பிளக் அங்கே நுழையாது. பிரிட்டிஷ் சதுர முள் அடாப்டர் வேண்டும்.