முந்திரிக் கிரீம் பாஸ்தா ஏன் களியாகிறது?

கேள்வி: பால், வெண்ணெய், சீஸ் எதுவும் சேர்க்காமல், முந்திரியை அரைத்து ஊற்றிக் கிரீம் பாஸ்தா செய்கிறேன். வாணலியில் சரியாக இருப்பது தட்டில் போட்ட பத்து நிமிடத்தில் களி போல இறுகிவிடுகிறது. தேங்காய்ப்பாலில் செய்தாலோ திரிந்துவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: முந்திரியில் கொழுப்போடு மாவுச்சத்தும் கணிசமாக இருப்பதால், குருமாவில் கெட்டிப்படுவதைப் போலவே, அதன் விழுது சூடேறியதும் தானாகவே இறுகும். அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் பாஸ்தா நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இவ்விரண்டையும் ஈடுகட்ட வேண்டியது பாஸ்தா வெந்த நீர். அதைத்தான் நீங்கள் வடித்துக் கொட்டிவிடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ரோம் நகரத்தின் ஆல்ஃபிரடோ என்னும் வெண்ணெய்-சீஸ் பாஸ்தாவின் பழைய முறையில் கிரீமே கிடையாது என்பதை இங்கே நினைவூட்டலாம்; வெண்ணெயையும் பார்மசான் சீஸையும் வழவழப்பாக இணைத்துப் பிடிப்பது மாவுச்சத்து கலந்த அந்த நீர்தான்.

இருவருக்கு 200 கிராம் உலர் பாஸ்தாவும் 60 கிராம் முந்திரியும் போதும். முந்திரியைக் கொதிநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மிக்சியின் சிறிய ஜாரில் முதலில் மூன்று நான்கு மேசைக்கரண்டி நீர் மட்டும் விட்டு, விரலிடையே தேய்த்தால் நறநறக்காத அளவுக்கு அரைத்த பிறகே, மொத்தம் 150 மில்லி ஆகும்படி மீதி நீரைச் சேருங்கள். தொடக்கத்திலேயே நீர் மிகுந்தால் துணுக்குகள் மிதந்து தப்பிவிடும்.

பாஸ்தாவை ஒன்றரை லிட்டர் நீரில் 12 கிராம் உப்பிட்டு வேகவையுங்கள். நீர் குறைவாக இருந்தால் அதில் மாவுச்சத்து செறியும். உறையில் குறித்த நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்து, 250 மில்லி நீரைத் தனியே எடுத்து வையுங்கள். வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் நறுக்கிய பூண்டைச் சிவக்காமல் வதக்கி, எடுத்து வைத்த நீரில் பாதியை ஊற்றி, பாஸ்தாவை அதிலேயே முழுதாக வேகவிட்டு, தீயைக் குறைத்த பின் முந்திரி விழுதைச் சேர்த்து ஒரு நிமிடம் புரட்டினால் போதும். இறக்கும்போது மோர்க்குழம்புப் பதத்தில், நீர்த்துவிட்டதோ என்று ஐயப்படும் அளவுக்கு, இருக்க வேண்டும். தட்டுக்கு வருவதற்குள் சரியாகிவிடும். மிளகுத்தூளும் சில துளி எலுமிச்சைச் சாறும் இறக்கிய பிறகுதான்.

தேங்காய்ப்பால் திரிவதற்குக் காரணம், கொழுப்புத் துளிகளைப் போர்த்தியிருக்கும் புரதம் பலத்த கொதியில் உறைந்து கொழுப்பைக் கைவிடுவதுதான். புளிப்பு அதை விரைவுபடுத்தும். கொதிக்கவிடாமல் செய்தால் திரியாது. ஆயினும் அதன் மணம் பூண்டையும் மிளகையும் அமுக்கிவிடுவதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

சீஸின் சுவை வேண்டுமானால் ஒரு மேசைக்கரண்டி நியூட்ரிஷனல் ஈஸ்ட் தூவலாம். ரொட்டிக்கான ஈஸ்டை அதற்குப் பதிலாகப் போட்டுவிடாதீர்கள். இது செயலிழக்கச் செய்யப்பட்ட ஈஸ்ட், அதுவோ உயிருள்ளது, கசக்கவும் செய்யும். கிடைக்காவிட்டால் காளானை நெரிசலின்றிப் பரப்பி, நீர் வற்றிச் சிவக்கும்வரை வறுத்துச் சேர்ப்பது நல்ல மாற்று. முட்டையையும் தவிர்ப்பவரானால், பாஸ்தா வாங்கும்போது உறையில் முட்டை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். துரும் என்னும் கடினக் கோதுமையின் ரவையில் செய்த உலர் பாஸ்தாவில் பெரும்பாலும் இருக்காது, புதிதாகப் பிசைந்து விற்பதில் பெரும்பாலும் இருக்கும்.

மீந்ததை மறுபடி சூடாக்குகையில், அரைக் கோப்பை வெந்நீரை முதலில் ஊற்றிவிட்டு, அதன் பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள்.